கடாரம் கொண்ட இராஜேந்திரர்

கிள்ளான் துறைமுகத்திலிருந்து பூலாவ் கெத்தாமுக்குப் படகில் செல்வோர், மலைபோல் உயர்ந்த சரக்குக் கப்பல்களைக் கடந்தே செல்ல வேண்டும். அந்தத் தீவுகளுக்கு அப்பால் விரிந்து கிடப்பது மலாக்கா நீரிணை. அதன் ஒரு கரை தீபகற்ப மலேசியா; மறு கரை சுமத்ரா. நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். வடமேற்கே அகன்ற வாய். தெற்கே போகப்போகப் புனலைப் போல் ஒடுங்கும் உடல். கிள்ளானுக்கு மேற்கே, கடலின் நடுவில், நீருக்குள் மணல்திட்டுகள் மறைந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் பெர்மாத்தாங் செடெப்பா. இரு கைகளையும் விரித்தால் வரும் அளவை மலாய்மொழியில் ‘டெப்பா’ என்பர்; தமிழ் மீனவர் அதையே ‘பாகம்’ என்பர். ஒரு பாக ஆழமே உள்ள திட்டு என்பது அப்பெயரின் பொருள். கப்பல்களை எச்சரிக்க அங்கே ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது.

இருபுறமும் நிலம் அடைத்த இத்தகைய கடலில் போர் செய்வது, திறந்த கடலில் போர் செய்வதைப் போன்றது அன்று. வாயிலைக் காப்பவனே உள்ளே வருவோரையும் வெளியே போவோரையும் ஆள்கிறான். உள்ளே நுழைந்த படை, காற்று மாறும்வரை எளிதில் வெளியேற முடியாது. இந்த நீர்வழியின் இரு கரைகளிலும் இருந்த துறைமுகங்களை 1025ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் கப்பற்படை தாக்கியது. அதை அனுப்பியவர் முதலாம் இராஜேந்திர சோழர்.

இராஜேந்திரர் தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த முதலாம் இராஜராஜ சோழரின் மகன். தாயார் வானவன் மாதேவி. பிறந்தது ஆடி மாதத் திருவாதிரை நாளில். இளமையில் மதுராந்தகன் என்று அழைக்கப்பட்டார். பெற்ற தாய் அல்லாத பஞ்சவன் மாதேவி என்னும் அரசியிடமும் அவருக்கு மிகுந்த அன்பு இருந்தது. அவ்வரசி மறைந்தபின், பழையாறையில் அவர் நினைவாக ஒரு பள்ளிப்படைக் கோயிலையே எழுப்பினார். சிற்றன்னைக்காக ஓர் அரசர் எழுப்பிய கோயில் என்பது தமிழக வரலாற்றில் அரிதாகக் காணப்படும் செய்தி.

இளவரசராக இருந்தபோதே அவர் படை நடத்தினார். மேலைச் சாளுக்கியருக்கு எதிரான போரில் சோழப்படைக்குத் தலைமை தாங்கினார். இந்தப் போரைப் பற்றிச் சோழர் கல்வெட்டுகள் வெற்றியை மட்டுமே பேசுகின்றன. சாளுக்கியர் பக்கத்தில், ஹொட்டூர் என்னும் ஊரில் 1007ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டோ, சோழப்படை நாட்டைப் பாழாக்கியதையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் கூறுகிறது. இருதரப்புக் கற்களையும் சேர்த்துப் படித்தால்தான் அக்காலப் போர் எப்படி இருந்தது என்பது விளங்கும்.

1012இல் தந்தையார் அவரைத் தம்முடன் ஆட்சியில் அமர்த்தினார். 1014இல் இராஜராஜர் மறைந்ததும் முழு அரசும் அவர் கைக்கு வந்தது. தந்தை விட்டுச் சென்றது பெருஞ்செல்வம். அதனினும் பெரியது, கடலில் பழகிய படை. இராஜராஜர் காலத்திலேயே சோழர் கலங்கள் இலங்கையின் வடபகுதிக்கும் மாலத்தீவுகளுக்கும் சென்றிருந்தன. இராஜேந்திரர் 1017 அளவில் இலங்கை முழுவதையும் கைப்பற்றினார். பாண்டிய மன்னர் ஒருவர் முன்னொரு காலத்தில் இலங்கையில் அடைக்கலமாக வைத்துச் சென்ற மணிமுடியும் அணிகலன்களும் அப்போது கிடைத்தன. இலங்கை வேந்தர் ஐந்தாம் மகிந்தர் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்து, தாய்நாட்டைக் காணாமலே இறந்தார்.

அடுத்து வடக்கே படை சென்றது. கலிங்கத்தையும் வங்கத்தையும் கடந்து கங்கைவரை போய்த் திரும்பிய அப்படை, கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவந்தது. கோதாவரிக் கரையில் இராஜேந்திரர் அதை எதிர்கொண்டார். அந்த வெற்றியின் நினைவாக அவர் அமைத்த புதிய தலைநகரே கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சாவூர் என்ற செழித்த நகரை விட்டுவிட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே, நீர்வளம் குறைந்த நிலத்தில் ஒரு தலைநகரை எழுப்பினார். அதற்காகச் சோழகங்கம் என்னும் மாபெரும் ஏரியையும் வெட்டினார். அங்கு அவர் கட்டிய கோயிலின் விமானம் தஞ்சை விமானத்தைவிடச் சற்று உயரம் குறைந்தது. தந்தையை மிஞ்ச விரும்பாத மகனின் பணிவு அது என்று பலர் கூறுவர். நகரின் பெயரையும் ஏரியின் அளவையும் பார்த்தால், பணிவு அவருடைய முதன்மையான குணமாக இருந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

இனிக் கடாரத்துக்கு வருவோம். கடாரம் என்பது இன்றைய கெடா. தமிழர் அறியாத ஊர் அன்று அது. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்ற சொல்லுக்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்றே உரை கண்டார். வங்கக் கடலைக் கடந்து கிழக்கே வந்த கலங்களுக்கு முதலில் தெரியும் அடையாளம் கெடாவின் ஜெராய் மலை. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள அம்மலை, கடலோரத்திலேயே தனித்து எழுந்து நிற்பதால் வெகுதொலைவிலிருந்தே கண்ணில் படும். தென்மேற்குப் பருவக்காற்று கலங்களைக் கிழக்கே கொண்டுவந்து சேர்க்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போதுதான் திரும்ப முடியும். இடைப்பட்ட மாதங்களில் வணிகர் அங்கேயே தங்கினர். மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்று காணப்படும் கோயில் அடித்தளங்களும், சீனப் பீங்கான் துண்டுகளும், கண்ணாடி மணிகளும் பல நாட்டார் அங்குக் கூடி வாழ்ந்ததற்குச் சான்றுகள்.

இந்தக் கடாரமும் நீரிணையின் பிற துறைமுகங்களும் ஸ்ரீவிஜயப் பேரரசின் கீழ் இருந்தன. சுமத்ராவில் பலெம்பாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த அப்பேரரசு, பௌத்தத்தைப் போற்றியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடும் தொலைவில் தேசிய அருங்காட்சியகம் உள்ளது. பேராக் மாநிலத்துப் பீடோரில் ஈயச் சுரங்கமொன்றில் கிடைத்த, எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை ஸ்ரீவிஜயக் காலத்துப் பௌத்த உலகைச் சேர்ந்தது. நெல் விளையும் பெருநிலத்தை விட, கப்பல்கள் போகும் வழியே ஸ்ரீவிஜயத்தின் வலிமையாக இருந்தது. சீனத்துக்குப் போகும் பொருளும் சீனத்திலிருந்து வரும் பொருளும் அந்த வழியாகவே செல்லவேண்டியிருந்தது. கர்ப்பூரம், நறுமணப் பொருள்கள், பட்டு, பீங்கான் எல்லாம் அதன் துறைமுகங்களில் கைமாறின.

சோழரும் ஸ்ரீவிஜயரும் தொடக்கத்தில் பகைவர் அல்லர். ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணிவர்மரின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் அதைக் கட்டி முடித்தார். சைவரான இராஜராஜர் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தார். இராஜேந்திரர் ஆட்சிக்கு வந்தபின் அக்கொடையை நிலையாக்கிச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தார். பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போனதால் அவை லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. இருபத்தொரு செப்புத் தகடுகளைப் பெரிய வளையத்தில் கோத்து, சோழரின் புலி முத்திரையிட்ட ஆவணம் அது.

தம் பெயரால் ஒரு விகாரத்துக்குக் கொடையை உறுதிசெய்த அதே அரசர், சில ஆண்டுகளுக்குள் அந்த நட்பு நாட்டின் மீது ஏன் படை அனுப்பினார்? இந்தக் கேள்விக்குக் கல்வெட்டுகளில் நேரடி விடை இல்லை. வரலாற்றாசிரியர்களின் விடைகள் பெரும்பாலும் வணிகத்தைச் சுற்றியே அமைந்துள்ளன. தமிழக வணிகக் குழுக்களான ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்றோர் கீழைக்கடல் நாடுகளில் ஏற்கெனவே காலூன்றியிருந்தனர். சோழரும் சீனத்துக்குத் தூதனுப்பினர். இராஜராஜர் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சீன அவையை அடைந்தது. சீனாவுடன் நேரடி வணிகம் வளர வேண்டுமானால் நீரிணையின் வாயில் திறந்திருக்க வேண்டும். அந்த வாயிலின் திறவுகோலோ ஸ்ரீவிஜயத்தின் இடுப்பில் இருந்தது. அது மட்டுமன்று. சீன அரசின் பதிவேடுகளில் சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு என்றே ஒரு குறிப்பு ஏறியிருந்தது. யார் சொல்லி அது எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை விரிவாகச் சொல்வது இராஜேந்திரரின் தமிழ் மெய்க்கீர்த்தி. அரசரின் வெற்றிகளை வரிசையாகப் புகழும் அப்பகுதி தஞ்சைப் பெரிய கோயிலிலும் வேறு பல கோயில்களிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அலைகடலின் நடுவே பல கலங்களை அனுப்பியதாகவும், கடாரத்து அரசர் சங்கிராம விஜயோத்துங்கவர்மரை அவருடைய யானைகளோடு பிடித்ததாகவும், அவர் சேர்த்து வைத்திருந்த பெருஞ்செல்வத்தையும் வித்தியாதர தோரணம் என்னும் அணிவாயிலையும் கவர்ந்ததாகவும் அது கூறுகிறது. பிறகு வருவது ஊர்ப் பெயர்களின் நீண்ட வரிசை. ஸ்ரீவிஜயம் முதலில் வருகிறது. சுமத்ராவின் பண்ணையும் மலையூரும் அடுத்து வருகின்றன. தீபகற்பத்தின் இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம் பின்தொடர்கின்றன. இலாமுரிதேசம் என்பது சுமத்ராவின் வடமுனையான இன்றைய ஆச்சே. மாநக்கவாரம் என்பது நிக்கோபார்த் தீவுகள். கடைசியில் நிற்பது கடாரம். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அடைமொழி உண்டு: ஒன்று ஆழ்கடலை அகழியாகக் கொண்டது, மற்றொன்று உயர்ந்த மலையில் அமைந்தது. கண்டவர் சொல்லக் கேட்டு எழுதியதைப் போல் அவை அமைந்துள்ளன.

கிள்ளானின் பெயர் அவ்வரிசையில் இல்லை. 1365இல் சாவகத்தில் எழுதப்பட்ட நாகரகிரேதாகமம் என்னும் நூலில் அப்பெயர் காணப்படுகிறது. ஆனால், பண்ணைக்கும் கடாரத்துக்கும் இடையே நீரிணை வழியே சென்ற கலங்கள் சிலாங்கூர்க் கரையை ஒட்டிய அதே மணல்திட்டுகளைத் தவிர்த்தே போயிருக்க வேண்டும்.

ஊர்களின் வரிசையைக் கூர்ந்து பார்த்த சில ஆய்வாளர்கள் ஒரு கருத்தைக் கூறுகின்றனர். தமிழகத்துக்கு ஓரளவு அருகில் இருப்பவை நிக்கோபாரும் கடாரமும். அவை பட்டியலில் கடைசியில் வருகின்றன; தொலைவில், தெற்கே உள்ள ஸ்ரீவிஜயம் முதலில் வருகிறது. எனவே, சோழப்படை எதிர்பார்க்கப்பட்ட வடக்கு வாயிலில் நுழையாமல், சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிச் சென்று தெற்கிலிருந்து உள்ளே புகுந்திருக்கலாம் என்பர். காவலர் முன்வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கொல்லைப்புறமாக வந்ததற்கு அது ஒப்பாகும். மெய்க்கீர்த்தி பாடுவோர் ஊர்களைப் பயண வரிசையில்தான் அடுக்கினர் என்பதற்கு உறுதி என்ன என்று மறுப்போரும் உள்ளனர்.

எத்தனை கலங்கள், எத்தனை வீரர்கள், படைத்தலைவர் யார் என்பன எந்தக் கல்லிலும் இல்லை. கடலில் கலங்களோடு கலங்கள் மோதினவா, அல்லது வீரர்கள் கரையிறங்கி நகரங்களைத் தாக்கினரா என்பதும் சொல்லப்படவில்லை. யானைகளும் வாயில்களும் பேசப்படுவதால், பெரும்பாலான சண்டை நிலத்திலேயே நடந்திருக்க வேண்டும். கலங்கள் படையைச் சுமந்து வந்தன.

இந்த வெற்றிக்குப் பிறகு இராஜேந்திரர் கடாரங்கொண்டான் என்னும் பட்டம் பெற்றார். திருவாரூருக்கு அருகில் கிடாரங்கொண்டான் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. ஆனால், அவர் கடாரத்தில் தங்கி ஆளவில்லை. இலங்கையில் செய்ததைப் போல ஆட்சி அமைக்கவில்லை. படை செல்வத்தோடு திரும்பிவிட்டது. 1028இலேயே ஸ்ரீவிஜயத்தின் தூதர் மீண்டும் சீன அவைக்குச் சென்றனர். 1033இல் சோழரின் தூதரும் அங்குச் சென்றனர். கம்போஜ மன்னர் இராஜேந்திரருக்குத் தேர் ஒன்றைப் பரிசாக அனுப்பி நட்பு நாடியதைக் கரந்தைச் செப்பேடுகள் கூறுகின்றன. கீழைக்கடலில் அவருடைய பெயர் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அது சான்று.

மலேசியத் தமிழர் கடாரங்கொண்டான் என்ற பெயரைப் பெருமையோடு சொல்வது வழக்கம். அப்பெருமையில் உண்மை உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், காற்றையும் விண்மீன்களையும் மட்டுமே நம்பி, ஒரு பெரும்படையை வங்கக் கடலுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது எளிய செயல் அன்று. எனினும், கொள்ளப்பட்ட கடாரமும் இந்நாட்டின் பகுதியே. அன்று அத்துறைமுகத்தில் வாழ்ந்தோருள் தமிழ் வணிகரும் இருந்திருப்பர். யானைகளும் தோரணமும் கொண்டுபோகப்பட்ட நாளில், அவர்களுடைய பண்டகசாலைகள் என்னவாயின என்பதை எண்ணிப் பார்க்காமல் இந்த வரலாற்றைப் படிப்பது பாதி வரலாற்றைப் படிப்பதாகும்.

பகை நெடுநாள் நீடிக்கவில்லை. இராஜேந்திரரின் மகன் வீரராஜேந்திரர் 1068 அளவில் கடாரத்தை வென்று, தம்மை அடைந்து வேண்டிய அரசருக்கே அதைத் திருப்பிக் கொடுத்தார். இராஜேந்திரரின் மகள் அம்மங்கை தேவியின் மகனே முதலாம் குலோத்துங்கர். அவர் காலத்தில், 1090இல், கடாரத்து மன்னரின் தூதர்கள் வந்து கேட்டுக்கொள்ள, நாகப்பட்டினம் விகாரத்துக்குரிய ஊர்களின் வரிகள் நீக்கப்பட்டன. பாட்டனார் உறுதிசெய்த கொடையைப் பேரன் காத்தார். இடையில் நடந்த போரைப் பற்றி அந்தச் செப்பேட்டில் ஒரு சொல்லும் இல்லை.

இராஜேந்திரர் 1044இல் மறைந்தார். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துப் பிரமதேசத்தில் உள்ள கல்வெட்டு அச்செய்தியைக் குறிக்கிறது. அரசி வீரமாதேவி அவருடன் தீயில் இறங்கினார். அவ்விருவரின் தாகம் தணிய, அரசியின் உடன்பிறந்தார் அங்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்க ஏற்பாடு செய்தார். பல கடல்களைக் கடந்து படை அனுப்பிய அரசருக்கு ஊரார் வைத்த நினைவு, வழிப்போக்கர் குடிக்கும் நீர். கங்கைகொண்ட சோழபுரம் பின்னர் அழிந்து சிற்றூராயிற்று. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் மதிற்கற்களையும் பெயர்த்துக்கொண்டு போயினர். விமானம் தப்பியது.

கல்வெட்டு சொல்லாமல் விட்ட இடங்களைக் கதைகள் நிரப்பின. கல்கியின் பொன்னியின் செல்வன் இராஜராஜரின் இளமையைச் சொன்னது. கோடிக்கரைக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் அதில் ஒரு கதைமாந்தரைப் போலவே வருகிறது. இராஜேந்திரரையே தலைவராக்கி அகிலன் எழுதிய வேங்கையின் மைந்தன் 1963இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. சாண்டில்யனின் கடல் புறா, குலோத்துங்கர் காலத்துக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் களமாக்கிக் கடற்போர்களை விரிவாகப் புனைந்தது. இந்நாட்டுத் தமிழர் பலருக்குக் கடாரம் அறிமுகமானது வரலாற்றுப் பாடத்தால் அன்று; வாரந்தோறும் வந்த இத்தகைய தொடர்கதைகளால்தான். அவற்றில் வரும் சூழ்ச்சிகளும் காதலும் புனைவு. ஊர்ப் பெயர்களும் பருவக்காற்றும் உண்மை. இரண்டையும் பிரித்தறியும் வாசகருக்கு அக்கதைகள் கூடுதலாகவே சுவைக்கும்.

மலாய் மரபிலும் ஒரு கதை உண்டு. செஜாரா மெலாயு என்னும் நூலில், தென்னிந்தியாவிலிருந்து பெரும்படையோடு வரும் அரசர் ஒருவர் கங்கா நகரத்தை வெல்கிறார். ராஜா சுலான், ராஜா சூரான் என்று படிக்குப் படி அரசர்களின் பெயர்கள் மாறுகின்றன. சுலான் என்பது சோழன் என்னும் சொல்லின் எதிரொலி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சீனத்தின் மீது படையெடுக்க அவ்வரசர் தெமாசெக்வரை வந்துவிடுகிறார். அஞ்சிய சீன அரசர், ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், பழமரங்களையும், பல் விழுந்த முதியவர்களையும் ஏற்றி அனுப்புகிறார். சீனம் எவ்வளவு தொலைவு என்று கேட்டபோது, தாங்கள் இளைஞர்களாகப் புறப்பட்டதாகவும், மரங்கள் அன்று விதைகளாக இருந்ததாகவும், ஊசிகள் அன்று தடித்த இரும்புக் கோல்களாக இருந்ததாகவும் முதியவர்கள் கூறுகின்றனர். அரசர் மலைத்துப்போய்ப் படையெடுப்பைக் கைவிடுகிறார். பிறகு, கடலின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து இறங்குகிறார். அங்கே ஒரு நாட்டைக் காண்கிறார். அந்நாட்டு இளவரசியை மணக்கிறார். மூன்று மைந்தரைப் பெறுகிறார். கடற்குதிரை ஒன்றின் மீதேறி மீண்டும் கரைக்கு வருகிறார். மலாக்கா அரசமரபின் வேர் அந்த மைந்தரிலிருந்தே தொடங்குவதாக அந்நூல் சொல்கிறது.

கோலாலம்பூரின் நடுவே ஜாலான் ராஜா சூலான் என்ற சாலையும் அதே பெயரில் மோனோரயில் நிலையமும் உள்ளன. வெல்ட் சாலை என்று முன்பு அழைக்கப்பட்ட அச்சாலைக்குப் பிற்காலத்தில் பேராக் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா சூலானின் பெயர் சூட்டப்பட்டது. அவருக்கு அப்பெயர் எந்த மரபிலிருந்து வந்திருக்கும் என்பதைச் செஜாரா மெலாயுவைப் படித்தவர் எளிதில் ஊகித்துக்கொள்வர்.